மோன்செகூர் மலைக்கோட்டை: ஏறினால் என்ன இருக்கிறது?

மகனின் பட்டமளிப்புக்காக ஜூனில் துலூஸ் வருகிறோம், கையில் ஒரு நாள் மிச்சம், மோன்செகூர் கோட்டைக்குப் போகலாமா, 64 வயது அம்மாவால் ஏற முடியுமா, கதார்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எரிக்கப்பட்ட கோட்டை, ஏசுவின் புனிதக் கிண்ணம் ஒளித்து வைத்த இடம் என்றெல்லாம் வீடியோக்களில் சொல்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் மனதில் உள்ளது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மூச்சு வாங்க ஏறிப் போய், மேலே கூரையில்லாத நாலு சுவர்தான் என்றால் போகிற மாதிரி இருக்குமா? அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்காரன். பதினாறு வருடமாகத் துலூஸில் இருக்கிறேன். பழைய கல் கட்டடங்களைச் செப்பனிடுவது தொழில். தேவாலயச் சுவர், பாலம், இடிந்த மதில் என்று தெற்கு பிரான்சில் நிறைய சுண்ணாம்புக் காரையைக் கையால் தொட்டிருக்கிறேன். மோன்செகூரில் வேலை பார்த்ததில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவேன், அதனால் பத்துப் பன்னிரண்டு முறை ஏறியிருப்பேன். சுவரைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். வரலாறு படித்துத் தெரிந்துகொண்டது. லத்தீன் எனக்கு வராது, மூல ஆவணங்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் வாசித்திருக்கிறேன்.

ஏற்றம் எப்படி என்று பார்ப்போம். துலூஸிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பிரனே மலையடிவாரம், அரியேஜ் மாவட்டம். பஸ்ஸை நம்பி ஒரே நாளில் போய்த் திரும்புவது கஷ்டம், கார் எடுத்துக்கொள்ளுங்கள். லாவலானெ என்ற சிறு ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவில் அந்தப் பாறை திடீரென்று எதிரே நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதை ‘போக்’ என்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பேச்சில் குன்று என்று பொருள். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,207 மீட்டர். பயந்துவிடாதீர்கள், கார் நிறுத்துமிடமே ஆயிரம் மீட்டருக்கு மேல்தான். நடந்து ஏற வேண்டியது சுமார் 150 மீட்டர், அதாவது ஐம்பது மாடி. சாதாரணமாக நடக்கிறவருக்கு அரை மணி நேரம். பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். கட்டிய படிகள் கொஞ்சம், மீதியெல்லாம் சுண்ணாம்புப் பாறையும் மர வேரும். நெட்டுக்குத்தான ஏற்றத்தைவிட அந்தப் பாறைதான் சிக்கல். பல வருடமாக லட்சக்கணக்கான பாதங்கள் தேய்த்து அது அம்மிக்கல் போல வழவழவென்று ஆகிவிட்டது. காய்ந்திருந்தால் பரவாயில்லை. நனைந்திருந்தால் சோப்பு. முதல் தடவை நான் சாதாரண ஷூவோடு மழை விட்ட கையோடு போய், இறங்கும்போது உட்கார்ந்த நிலையிலேயே நாலு அடி சறுக்கினேன். தப்பு முழுக்க என்னுடையது.

அம்மாவைப் பற்றி. வீட்டில் மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறுவாரா, இறங்கும்போது முட்டி வலிக்குமா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம், இந்த மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வேலை. அவர் முட்டியை நான் பார்த்ததில்லை, அதற்கு மேல் முடிவு உங்களுடையது. ஏறவில்லை என்றாலும் அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பாதை தொடங்கிச் சில நிமிடத்திலேயே ஒரு புல்வெளி வரும். ‘எரிந்தவர்களின் வயல்’ என்று அதற்குப் பெயர். அங்கே 1960-இல் நட்ட ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்தால் முழுப் பாறையும் மேலே சுவரும் தெரியும். என் மாமா ஒருவர் அங்கேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, “நீ போய்ட்டு வா, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்” என்றார். திரும்பி வந்தபோது என்னைவிட அதிகம் பார்த்தவர் போலப் பேசிக்கொண்டிருந்தார்.

இனி யாரும் முதலில் சொல்லாத விஷயம். மேலே நீங்கள் பார்க்கப் போகிற கோட்டை, 1244-இல் கதார்கள் முற்றுகையிடப்பட்ட கோட்டை அல்ல. இதில் ஆய்வாளர்களுக்குள் இன்று பெரிய சண்டை ஒன்றும் இல்லை. முற்றுகை முடிந்த பிறகு இடம் கீ தெ லெவி என்ற வடக்கத்திப் பிரபுவின் குடும்பத்துக்குப் போனது. 1245-இல் அவர் இதற்காக அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்த ஆவணம் உண்டு. பழையதை இடித்து, எல்லைக் காவலுக்கென்று புதிதாகக் கட்டியது அவர்கள் குடும்பம். இன்று நிற்பது அதுதான். போஸ்டரிலும் பயண நிறுவனங்களின் விளம்பரத்திலும் ‘கதார் கோட்டை’ என்று போட்டிருப்பது, உண்மையில் கதார்களை ஒழித்தவர்கள் பக்கத்துக் கட்டடம்.

இது தெரிந்ததும் சிலருக்குச் சப்பென்று ஆகிவிடும். எனக்கு நேர்மாறாகத்தான் இருந்தது. தெரிந்த பிறகுதான் சுவரை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். தெற்கு வாசலில் நுழைந்ததும் நீளவாக்கில் ஐந்து மூலை கொண்ட ஒரு முற்றம். வடமேற்குக் கோடியில் செவ்வகமான ஒரு கோபுரம், அதன் அடியில் மழைநீர்த் தொட்டி. அவ்வளவுதான் மொத்தக் கோட்டையும். முதல் ஐந்து நிமிடத்தில் ‘இதுதானா?’ என்றுதான் தோன்றும். அப்புறம் சுவர்ப் பக்கம் போய் நில்லுங்கள். உள்முகத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரியும். பெரியவை, ஒரே மட்டத்தில் இருப்பவை, உத்தரம் செருகிய இடங்கள். அந்த மட்டத்தில் ஒரு மரத்தளம் இருந்தது, மதிலை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய அறைகள் இருந்தன என்று அர்த்தம். இன்று வெட்டவெளியாகத் தெரியும் முற்றம் அன்று பாதிக்குமேல் கூரைக்குள் இருந்திருக்கும். சிறிய ஓட்டைகள் சாரம் கட்டியவை. நம் ஊர்க் கொத்தனார் சுவரில் மூங்கில் செருகி மேலே ஏறுகிறாரே, அதே வேலை; வேலை முடிந்ததும் கம்பை உருவிவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு ஓட்டைக்கும் மேல் ஓட்டைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு ஆள் நின்று கை எட்டும் உயரம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கொத்தனாரின் கை நீளம் அங்கே அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

கிழக்குச் சுவர் மற்ற சுவர்களைவிடத் தடிமன். ஏன் என்று தெரிய அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பாறை மூன்று பக்கமும் செங்குத்து. கிழக்கே மட்டும் ஒரு நீண்ட முதுகு போல முகடு ஓடுகிறது. எதிரி தட்டையாக நடந்து வரக்கூடிய ஒரே திசை அது. கட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும், ஏனென்றால் பழைய கோட்டையை அந்த வழியாகத்தான் இவர்கள் தரப்பு பிடித்தது. தாங்கள் நுழைந்த வழியைத் தாங்களே அடைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் ஊகம்தான், ஆனால் அந்தச் சுவரின் தடிமனுக்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் எனக்குப் படவில்லை.

சரி, கதார்களுடையது என்று எதுவுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது, முக்கால்வாசிப் பேர் பார்க்காமல் திரும்புகிறார்கள். வடக்கு வாசல் வழியாக வெளியே போய் இடப்பக்கம் சுவரை ஒட்டிப் பாருங்கள். கோபுரத்துக்குக் கீழே பாறைச் சரிவில் படிப்படியாகத் தாழ்ந்த கல் வரிசைகள் தெரியும். முழங்கால் உயரம்கூட இருக்காது, தோட்டத்து வரப்பு என்று நினைத்துத் தாண்டிவிடுவீர்கள். அவை வீடுகளின் அடித்தளம். 1244-க்கு முன் இங்கே இருந்தது தனிக் கோட்டை இல்லை, மதிலுக்குள் அடைந்த ஒரு ஊர். ஆவணங்களில் ‘காஸ்த்ரும்’ என்று வருவது அதைத்தான். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசல் மட்டத்தில் இருக்கும்படி, பாறையில் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டு ஐந்நூறு பேர் வரை அங்கே வாழ்ந்தார்கள். அகழாய்வில் கிடைத்த அம்பு முனைகள், பகடைக் காய், கத்தரிக்கோல், கவண்பொறி எறிந்த கல்குண்டுகள் எல்லாம் கீழே கிராமத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சின்ன இடம்தான், தவறவிடாதீர்கள். அந்தக் குண்டு ஒன்றின் பக்கத்தில் நின்றால்தான் முற்றுகை என்ற சொல்லுக்கு எடை வரும்.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பகுதி நன்றாகவே உறுதியானது. இவர்கள் தங்களைக் கதார்கள் என்று அழைத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்கள், நல்ல கிறிஸ்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தீட்சை பெற்றவர்கள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள் (மீன் உண்டு), சத்தியம் செய்யமாட்டார்கள், கொல்லமாட்டார்கள். கண்ணால் காணும் உலகம் நல்ல கடவுளின் படைப்பல்ல என்பது அவர்கள் போதனை. ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பொறுக்கவில்லை. 1209-இல் இவர்களுக்கு எதிராகச் சிலுவைப்போர் தொடங்கி இருபது வருடம் இந்த மாகாணமே எரிந்தது. மோன்செகூரின் பிரபு ரெமோன் தெ பெரேய், இந்த நல்ல மனிதர்கள் கேட்டுக்கொண்டதால் 1204 வாக்கில் பாழாய்க் கிடந்த இடத்தைத் திரும்பக் கட்டியிருந்தார். 1232-இல் அது அவர்கள் சபையின் தலைமையிடமே ஆனது. 1242 மே மாதம் இங்கிருந்து போன ஆயுதக் குழு ஒன்று அவிஞோனெ என்ற ஊரில் தங்கியிருந்த, திருச்சபைக்கு மாறானவர்களைத் தேடிப் பிடித்து விசாரிக்கும் சமய விசாரணை அதிகாரிகளைக் கூட்டத்தோடு வெட்டிக் கொன்றது. கொல்லமாட்டோம் என்றவர்களைக் காக்க வந்தவர்கள் செய்த கொலை. அது இல்லாமலும் முற்றுகை வந்திருக்கலாம், ஆனால் அடுத்த மே மாதமே படை வந்து இறங்கியது.

பத்து மாதம். மேலே சண்டை போடத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். கீழே அரசரின் அதிகாரி ஊக் தேஸார்சி தலைமையில் பெரிய படை. கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. 1243 கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில், வழி தெரிந்த சில இலகு ஆயுத வீரர்கள் முகட்டின் கிழக்கு முனையில் இருந்த காவல் பாறையை இரவோடு இரவாக ஏறிப் பிடித்தார்கள். விடிந்ததும் தாங்கள் ஏறி வந்த பாதாளத்தைக் குனிந்து பார்த்து, பகலாக இருந்தால் இதில் கால் வைத்திருக்கவே மாட்டோம் என்று நடுங்கினார்களாம். அக்காலத்துச் சரித்திரக்காரர் கியோம் தெ புயிலொரான்ஸ் எழுதி வைத்திருக்கிறார். முகடு கைக்கு வந்ததும் கவண்பொறி வந்தது. அதன் பிறகு ஊர் மேல் கல் மழைதான். மார்ச் தொடக்கத்தில் பேச்சுவார்த்தை. நிபந்தனை விசித்திரமானது: பதினைந்து நாள் அவகாசம்; போர் வீரர்களுக்கு அவிஞோனெ கொலை உட்பட மன்னிப்பு; நம்பிக்கையை விட்டால் விடுதலை; விடாவிட்டால் தீ. அந்தப் பதினைந்து நாளில் நடந்ததுதான் என்னை விடாமல் இழுக்கிறது. மார்ச் 13 அன்று சுமார் இருபது பேர் புதிதாகத் தீட்சை கேட்டு வாங்கினார்கள், மூன்று நாளில் எரிவோம் என்று தெரிந்தே. அதில் சாதாரணப் போர் வீரர்களும் இருந்தார்கள், அவர்கள் சும்மா இருந்திருந்தாலே வெளியே நடந்து போயிருக்கலாம். பிரபுவின் மனைவி கோர்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் மகள் எஸ்க்லார்மோந்தும் எரிந்தாள், தாய் மார்க்கேசியாவும் எரிந்தாள். கணவர் ரெமோன் உயிரோடு கீழே இறங்கினார். 1244 மார்ச் 16.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? தப்பித்தவர்களை ஃபெரேர் என்ற தொமினிக்கன் துறவி உட்கார வைத்து விசாரித்தார். யார் யாரிடம் தீட்சை பெற்றார்கள், யார் ரொட்டி கொடுத்தார்கள், யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டு எழுத்தர் எழுதிக்கொண்டே போனார். அந்த ஏடுகளின் பதினேழாம் நூற்றாண்டுப் பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சாட்சி சொன்னவர்களில் ரெமோனும் ஒருவர். அழிக்க நினைத்தவர்களின் கோப்பிலிருந்துதான் அழிந்தவர்களின் பெயர் கிடைக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: விசாரணைக்காரன் கேட்காத எதுவும் அந்த ஏட்டில் இல்லை. பயந்தவன் சொன்ன பதில் எவ்வளவு முழுமையாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சந்தேகமானவற்றுக்கு வருவோம். எரிந்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் என்பது பொதுவான கணக்கு, 225 வரை சொல்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் அறுபதுக்குக் கொஞ்சம் மேல்தான். முற்றுகைப் படை பத்தாயிரம் என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், மத்தியகாலக் கணக்குகள் வாய்க்கு வந்தபடி பெருகும். நினைவுக்கல் இருக்கும் புல்வெளிதான் தீ மூட்டிய இடம் என்பது மரபு, ஆதாரம் அல்ல; மலையடியில் மரவேலி கட்டி விறகு அடுக்கினார்கள் என்றுதான் எழுத்தில் இருக்கிறது. கதார் சபை எந்த அளவுக்கு ஒழுங்கான அமைப்பாக இருந்தது, விசாரணைக்காரர்கள் எவ்வளவு பெரிதுபடுத்தினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

புனிதக் கிண்ணம்? இல்லை. மத்தியகால ஆவணம் ஒன்றில்கூட மோன்செகூரோடு சேர்த்து அந்தப் பேச்சு கிடையாது. கிண்ணத்தைப் பற்றிய பழைய ஜெர்மன் கவிதையில் வரும் மலைக்கோட்டையின் பெயரும் இந்தப் பெயரும் காதுக்குக் கொஞ்சம் ஒன்றுபோல இருப்பதை வைத்து, 1930-களில் ஓட்டோ ரான் என்ற ஜெர்மானியர் பரப்பியது அது. பிற்பாடு அவர் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார், கதைக்கு இன்னும் காரம் கூடிவிட்டது. ஆனால் புதையல் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பேர் தங்கம், வெள்ளி, நிறைய நாணயம் எடுத்துக்கொண்டு முற்றுகையை ஊடுருவி வெளியேறினார்கள் என்று சாட்சியத்தில் இருக்கிறது. சரணடைந்த பிறகு சிலரை ஒளித்து வைத்து, இரவில் கயிறு கட்டிப் பாறையிலிருந்து இறக்கி அனுப்பினார்கள், காட்டில் மறைத்த சபைச் செல்வம் தொலைந்துபோகக் கூடாது என்று. சபைக்குப் பணம் இருந்தது, மக்கள் நம்பிக் கொடுத்து வைத்தது. தப்பிப் பிழைப்பவர்களுக்கு அது தேவை. இதில் மாயம் எதுவும் இல்லை.

சூரியக் கோயில் கதையும் இதே ரகம். ஜூன் 21-ஐ ஒட்டி அதிகாலையில் கோபுரத்தின் அம்புத் துளைகள் வழியாக வெளிச்சம் நேர்கோட்டில் பாய்வது நிஜம். 1950-களில் ஃபெர்னான் நியெல் இதைக் கவனித்து, கதார்கள் சூரியனுக்காக அமைத்த கட்டடம் என்றார். கட்டடமே கதார்கள் போன பிறகு வந்தது என்றானதும் அந்த வாதம் காலில்லாமல் நிற்கிறது. நீண்ட செவ்வகக் கோபுரத்தில் எதிரெதிரே துளை வைத்தால் வருடத்தில் ஏதோ ஒரு காலை வெளிச்சம் ஊடுருவத்தான் செய்யும். இருந்தாலும் அந்த நாளில் விடியுமுன்பே டார்ச் அடித்துக்கொண்டு கூட்டம் ஏறும். கூட்டம் பிடிக்காது என்றால் உங்கள் தேதியை அதற்கு இரண்டு நாள் இப்படியோ அப்படியோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, போங்கள். ஜூனில் இந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை சகஜம், அதனால் காலையிலேயே ஏறி மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுங்கள். திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டுக் குடில் ஏறும் வழியிலேயே இருக்கிறது. மேலே தண்ணீர் கிடையாது, கழிவறை கிடையாது, நிழல் சுவரோரம் மட்டும்தான். பிடிமானம் உள்ள ஷூ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அனுமதி டிக்கெட்டை எறியாமல் வையுங்கள், அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். அன்று காலை பாறை நனைந்திருந்தால் மலையை விட்டுவிட்டு ஃபுவா ஊருக்கு வண்டியைத் திருப்புங்கள். அங்கே மூன்று கோபுரமும் முழுசாக நிற்கும் கோட்டை இருக்கிறது, அம்மாவும் மெதுவாக வந்துவிடுவார். மழை இல்லாமலேயே நேரம் மிஞ்சினால் பெலெஸ்தா பக்கம் ஃபோந்தெஸ்தோர்ப் ஊற்று. கோடையில் நீர் குறைந்த நாட்களில் அது ஏறக்குறைய மணிக்கொரு முறை பொங்கி, தானே வடிந்து, மறுபடி பொங்கும். என் மாமா ஊருக்குத் திரும்பி எல்லோரிடமும் சொன்னது கோட்டையைப் பற்றி இல்லை, அந்த ஊற்றைப் பற்றித்தான்.